சானல்கரை வீட்டிலிருந்து இரவு ஷிப்ட்

ஜூன் 12, புதன்

பத்து மணிக்கு நெட்வியூவுக்குள் (மெயின்ஃபிரேம் நெட்வொர்க்கைக் கண்காணித்து ஆட்டிவைக்கும் மென்பொருள்) போனதுமே ஒரு கிளை அலுவலகத்தின் பியூ, அதாவது அங்குள்ள நெட்வொர்க் கருவி, செத்துக் கிடந்தது. அதை எழுப்ப வேரி நெட் ஆக்ட் கட்டளை அடித்தேன், ஐஎஸ்டி097ஐ (IST097I) அக்செப்டட் என்று செய்தி வந்தது, கட்டன்சாயா போடக் கீழே இறங்கிவிட்டேன். திரும்பி வந்து நிலையைக் காட்டும் டிஸ்ப்ளே கட்டளை போட்டால் பிசிடிடி2 என்று நின்றது. நாம் கூப்பிட்டாயிற்று, அந்தப் பக்கம் இன்னும் வாய் திறக்கவில்லை என்று அர்த்தம். 097 என்றால், மெயின்ஃபிரேமில் நெட்வொர்க்கை ஓட்டும் விடாம் மென்பொருள் கட்டளையை வாங்கிக்கொண்டது, அவ்வளவுதான். 093 வந்து பெயருக்குப் பக்கத்தில் ஆக்டிவ் என்று நின்றால்தான் எழுந்தது. இத்தனை வருஷம் ஆகியும் 097-ஐப் பார்த்தால் கை டம்ளரைத் தேடுகிறது.

அப்பா வேறு புலம்பல். "பேச்சிப்பாறை அணை திறந்தாச்சுன்னு சொன்னாவ, சானல்ல ஒரு சொட்டு காணல்ல." எங்கள் வயல் சுசீந்திரம் பக்கம், சானல் பாசனத்தின் கடைமடை. கன்னிப்பூ நெல் சாகுபடிக்கு நாற்று தயாராக நிற்கிறது.

ஜூன் 13, வியாழன்

புதுப் பையன் கேட்டான், "அண்ணா, ரன்கமாண்டும் ஆர்எம்டிகமாண்டும் ஒண்ணுதானே?" இல்லை டே. ஆர்எம்டிகமாண்ட் தூரத்து நெட்வியூவுக்குப் போகும், அங்கே ஆள் இல்லாமலே ஓடும் ஒரு ஆட்டோடாஸ்க் அதை ஓட்டி, பதிலை நம் திரைக்கு அனுப்பும். ரன்கமாண்ட் மெயின்ஃபிரேமே இல்லாத பெட்டிகளுக்கு, இடையில் நிற்கும் சர்வீஸ் பாயிண்ட் என்ற மென்பொருள் வழியாக. நாம் எழுதிய வரியின் பொருள் நெட்வியூவுக்குத் தெரியாது, தபால்காரர் மாதிரி கொண்டுபோய்க் கொடுத்துவிடும். நெட்வியூ 1986-இல் வந்தது, இவன் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால்.

ஜூன் 15, சனி, விடிகாலை

எழுதவே வெட்கமாக இருக்கிறது. 2.40-க்கு தூரத்து டொமைனில், அதாவது வேறொரு ஊர் நெட்வியூவின் எல்லையில், ஒரு லிங்கை (நெட்வொர்க் இணைப்பை) இறக்கி ஏற்ற வேண்டியிருந்தது. இறக்கும் கட்டளையை வெறும் இனாக்ட் என்று அடித்தால் ஓடுகிற செஷன்கள் முடியும்வரை பொறுக்கும், எனக்குப் பொறுமை இல்லை, உடனே இறக்கு என்னும் டைப் இம்மெட் சேர்த்து ஆர்எம்டிகமாண்டில் அனுப்பினேன். பதில் வரவில்லை. அடுத்து ஆக்ட் அனுப்பினால் அது போகவே இல்லை. என் கட்டளை போன பாதையே அந்த லிங்க்தான்! நுனிக்கொம்பில் இருந்து அடிக்கொம்பை வெட்டியவன் கதை. கடைசியில் அந்த ஊர் ஆபரேட்டரைப் போனில் எழுப்பி, அவர் தம் கன்சோலில் ஆக்ட் அடித்தபிறகுதான் மூச்சு வந்தது. இரண்டையும் ஒரு ரெக்ஸ் ஸ்கிரிப்டில் எழுதி அங்கேயே வைத்து, அதை ஓடு என்று மட்டும் சொல்லியிருந்தால் இறக்கியதும் தானே ஏற்றியிருக்கும். தெரிந்த விஷயம்தான், 2.40-க்குத் தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

அப்பா விடியுமுன் மம்பட்டியோடு சானல்கரையில் மேலே நடந்து போனார். இரண்டு மைல் தள்ளி ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்ததாம், நாலு பேராக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். தூக்கத்தில் இருந்தவனை மத்தியானம் போன் எழுப்பியது.

"மக்கா, மடையில வந்துட்டு. கணுக்கால் அளவு நிக்கி."