இறங்கிய விமானங்களும் ஏறாத விமானங்களும்

பொங்கலுக்கு ஊர் திரும்புவதற்காகத் தில்லி விமான நிலையத்தில் காத்திருந்த ஒரு ஜனவரி விடியற்காலையில், கண்ணாடிச் சுவருக்கு அப்பால் வெண்மையைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. ஆனாலும் வருகைப் பலகையின்படி விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தரையிறங்கிக்கொண்டிருந்தன. புறப்பாட்டுப் பலகையிலோ எங்கள் விமானம் உட்பட எல்லாவற்றுக்கும் தாமதம் என்றே இருந்தது. இறங்க முடிகிற பனியில் ஏற மட்டும் ஏன் முடியாது என்று அருகிலிருந்த பெரியவர் கேட்டார். மிகச் சரியான கேள்வி அது. விடை பின்னர் படித்தபோதுதான் எனக்குக் கிடைத்தது.

மார்கழியிலும் தை முற்பாதியிலும் தில்லியில் படர்வது, நிலம் இரவில் வெப்பத்தை இழப்பதால் பிறக்கும் மூடுபனி. மேற்கிலிருந்து வரும் காற்றுச் சுழற்சி சிறு மழையைத் தந்து மண்ணை நனைத்துவிட்டுக் கடந்துபோனபின், வானம் தெளிந்து காற்றும் ஓய்ந்துவிட்டால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அதிலுள்ள ஈரம் நுண்துளிகளாகிறது. புகைத் துகள்கள் மிகுந்த காற்றில் துளிகள் ஏராளமாகவும் மிகச் சிறியனவாகவும் உருவாவதால், அதே அளவு ஈரமே பார்வையை இன்னும் மறைக்கிறது. சூரியன் எழுந்ததும் பனி விலகும் என்று நாம் நினைத்தாலும், முதல் வெயிலில் ஆவியாகும் தரை ஈரம் சற்று நேரத்திற்கு அதை மேலும் அடர்த்தியாக்கிவிடுவதும் உண்டு.

விமானிக்குத் தேவைப்படுவது ஓடுபாதையில் எத்தனை மீட்டர் வரை தெரிகிறது என்ற அளவு. ஓடுபாதை ஓரத்தில் ஒளிக்கற்றையைச் செலுத்தி, பனியில் அது எவ்வளவு மங்குகிறது என்பதைக் கருவிகள் அளக்கின்றன. பெங்களூரின் தேசிய விண்வெளி ஆய்வகம் உருவாக்கிய ‘திருஷ்டி’ அத்தகைய கருவி; பெயர்ப் பொருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

அடர்பனியிலும் விமானம் தரையிறங்க வழிகாட்டும் கேட்-3-பி என்ற வசதி தில்லியில் உள்ளது; அதில் 50 மீட்டர் தெரிந்தாலே தரையிறங்கலாம், ஏனெனில் வானொலிக் கற்றைகளைப் பின்பற்றி விமானத்தை இறக்குவது ஆட்டோபைலட். புறப்படும்போது ஓடுபாதையின் நடுக்கோட்டு விளக்குகளைக் கண்ணால் பார்த்து நேராகச் செலுத்துபவர் விமானி. பாதி ஓட்டத்தில் ஓர் எஞ்சின் நின்று விமானம் பக்கவாட்டில் இழுக்கப்பட்டால், அந்த விளக்குகளைக் கண்டுதான் அவர் திருத்த வேண்டும். ஆகவே புறப்பாட்டுக்குப் பொதுவாக 125 மீட்டர் தேவைப்படுகிறது. இந்த இரு எண்களுக்கும் இடையில் பனி நிற்கும் வரை, வருபவை வந்து நிற்கும், போக வேண்டியவை போகாது, நிறுத்துமிடங்கள் நிரம்பும்.

வருகையும் தடையற்றதன்று. வானொலிக் கற்றையைக் குலைக்காதபடி முன்னே இறங்கியது ஓடுபாதையை விட்டு முற்றிலும் விலக வேண்டும் என்பதால் இடைவெளி கூட்டப்படுகிறது. ஏ.டி.ஆர். போன்ற சிறு விமானங்களும், இதற்கெனப் பயிற்சி பெறாத விமானிகள் ஓட்டுபவையும் ஜெய்ப்பூருக்கோ லக்னோவுக்கோ திருப்பப்படும்.

பனி எந்த மணிக்குப் பிறக்கும், எப்போது கலையும் என்பதை முன்கூட்டியே கணிக்க, 2015 குளிர்காலம் முதல் புணேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனமும் வானிலைத் துறையும் இதே விமான நிலையத்தில் ஆய்வு நடத்திவருகின்றன. சில மணி நேர முன்னறிவிப்பு கிடைத்தாலே, பயிற்சி பெற்ற விமானிகளை அந்த நேரத்துக்கு மாற்றி அமர்த்த முடியும். எரிபொருளையும் கூடுதலாக நிரப்பிக்கொள்ள முடியும். நானோ அந்தப் பொங்கல் காத்திருப்புக்குப் பிறகு, ஜனவரியில் தில்லியிலிருந்து நண்பகலுக்கு முன் புறப்படும் விமானத்தில் பதிவு செய்வதே இல்லை.