இரு பக்கமும் நம்மவர்: ஒரு மறுவாசிப்பு நாட்குறிப்பு

மார்ச் 4, 2025, செவ்வாய்

'சிவில் வார்' காமிக்ஸ் தொடரை இன்று முதல் பக்கத்திலிருந்து மீண்டும் படிக்கத் தொடங்கினேன். மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மெக்நிவன் வரைய, மார்வெல் நிறுவனம் 2006 மே மாதம் முதல் 2007 பிப்ரவரி வரை வெளியிட்ட ஏழு இதழ்கள் இவை. 2016இல் வந்த திரைப்படத்தின் வழியாகவே பலருக்கும் இந்தப் பெயர் அறிமுகம். படத்தில் நண்பர்களான கேப்டன் அமெரிக்காவையும், அயர்ன் மேன் ஆன டோனி ஸ்டார்க்கையும் கடைசியில் மோதவைப்பது பழைய கொலை ஒன்று. காமிக்ஸில் அவர்களைப் பிரிப்பது, மீசக்தி உடையோர் தம் பெயரை அரசிடம் பதிய வேண்டும் என்ற ஒரு சட்டம். பழிவாங்க வந்தவர்கள் என்று யாரையும் சுட்ட முடியாத இந்தப் பிரிவே என்னை அதிகம் வாட்டுகிறது.

தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்காகக் கேமராவின் முன் சாகசம் செய்யும் இளம் நாயகர் குழு, கனெக்டிகட் மாநிலத்து ஸ்டாம்ஃபோர்ட் நகரில் தங்கள் வலிமைக்கு மீறிய குற்றவாளிகளை மடக்கப் பார்க்கிறது. அவர்களில் ஒருவனான நைட்ரோ, ஒரு பள்ளியின் அருகே தன்னையே வெடிக்கச் செய்கிறான். 600க்கும் மேற்பட்டோர் மடிகிறார்கள். அவர்களில் பலர் குழந்தைகள். இறுதிச் சடங்குக்கு வந்த டோனி ஸ்டார்க்கை, மகனை இழந்த மிரியம் ஷார்ப் எல்லோர் முன்னிலையிலும் குற்றம் சாட்டுகிறாள். டோனியின் பின்னாளைய முடிவுகள் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனாலும் அந்தத் தாயின் முன் அவன் நின்ற பக்கத்தைப் படித்துவிட்டு, பதிவுச் சட்டம் வேண்டும் என்று அவன் சொல்வதை அகந்தை என்று தள்ள என்னால் முடியவில்லை.

மார்ச் 5, புதன்

முதல் இதழின் பிற்பகுதியையே இன்று மறுபடியும் வாசித்தேன். மீசக்தி உடைய ஒவ்வொருவரும் தம் உண்மைப் பெயரை அரசிடம் பதிந்து, பயிற்சி பெற்று, அரசின் பணியாளராகவே இயங்க வேண்டும் என்கிறது வரவிருக்கும் சட்டம். அது நிறைவேறுவதற்கு முன்பே, பதிய மறுப்பவர்களைப் பிடித்துத் தரும்படி ஷீல்ட் என்ற உளவு, பாதுகாப்பு அமைப்பின் தலைவி மரியா ஹில் கேப்டன் அமெரிக்காவிடம் கேட்கிறாள். அவன் மறுத்ததும் சுற்றி நிற்கும் வீரர்களின் துப்பாக்கிகள் அவனை நோக்கித் திரும்புகின்றன. நாட்டின் கொடியையே உடையாக அணிந்தவன் அந்த நாட்டின் ஆயுதங்களுக்கு இலக்காவதை, வசனத்தின் துணை அதிகமின்றி மெக்நிவன் காட்டிவிடுகிறார்.

இந்த மறுப்பு அவனுக்குப் புதிதன்று என்பதை அவனது வரலாறு அறிந்தவர்கள் உணர்வார்கள். ஜோ சைமனும் ஜாக் கிர்பியும் படைத்த இந்த நாயகன், 1941 மார்ச் தேதியிட்ட முதல் இதழின் அட்டையிலேயே ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுகிறான். அப்போது அமெரிக்கா உலகப் போரில் இறங்கியிருக்கவே இல்லை. வாட்டர்கேட் ஊழல் நாட்டை உலுக்கிய 1974இல், அரசின் உச்சியிலேயே துரோகம் இருப்பதைக் கண்டு மனமுடைந்து, அந்த உடையைக் களைந்துவிட்டு 'நோமாட்' என்ற பெயரில் சில காலம் அலைகிறான். அவனுடைய விசுவாசம் ஆட்சியாளர்களுக்கு உரியதாக ஒருபோதும் இருந்ததில்லை. அதனால்தான், சட்டத்தை மதிக்கும் ஒரு போர்வீரன் சட்டத்தை மீறும் அந்தப் பக்கத்தில் முரண் எதையும் நான் காணவில்லை.

மார்ச் 7, வெள்ளி

இரண்டாம் இதழ், ஸ்பைடர்மேன் முகமூடியைக் கழற்றும் பக்கத்தோடு முடிகிறது. செய்தியாளர்களின் கேமரா வெளிச்சத்தில் நின்று, தன் பெயர் பீட்டர் பார்க்கர் என்று அவனே அறிவிக்கிறான். 1962 முதல் அவன் எதைக் கொடுத்தேனும் காத்துவந்த ரகசியம் அது.

அவன் சட்டத்தை ஆராய்ந்து இந்த முடிவுக்கு வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. டோனி அவனுக்கும், அவன் மனைவிக்கும், மே அத்தைக்கும் தன் கோபுரத்தில் இடம் கொடுத்தவன். தந்தையில்லாத பீட்டர் அவனைத் தந்தையின் இடத்தில் வைத்துப் பார்க்கிறான். நம் மொழியில் இதற்குச் செஞ்சோற்றுக்கடன் என்ற துல்லியமான சொல் இருக்கிறது. அந்தக் கடனுக்காகவே தன் முகத்தைக் கொடுத்தவன், ஐந்தாம் இதழில் டோனியை விட்டு வெளியேறும்போது, கொடுத்ததைத் திரும்பப் பெற வழியில்லாமல் நிற்கிறான். அணி மாறிக்கொள்ளலாம், உலகமே பார்த்துவிட்ட முகத்தை மறுபடி மறைக்க முடியாது. போர் ஓய்ந்த பிறகு அவனுக்கென்று வந்த தோட்டா மே அத்தையின் உடலில் பாய்வதும் அந்த ஒரு பக்கத்தின் விளைவுதான்.

மார்ச் 8, சனி

மூன்றாம், நான்காம் இதழ்களை ஒரே மூச்சில் படித்துவிட்டு நெடுநேரம் எதுவும் செய்யத் தோன்றாமல் அமர்ந்திருந்தேன்.

பொய்யான விபத்துச் செய்தியால் கேப்டனின் அணியை ஒரு தொழிற்சாலைக்கு வரவழைத்த டோனி, பேசித் தீர்க்கலாம் என்று கை நீட்டுகிறான். கேப்டன் அந்தக் கையைப் பற்றுகிறான். ஆனால் டோனியின் கவசத்தைச் செயலிழக்கச் செய்யும் கருவி ஒன்று கேப்டனின் கைக்குள் மறைந்திருக்கிறது. இரு தரப்புமே நேர்மை தவறியே அங்கு வந்திருக்கின்றன. அடுத்த இதழில், இடிக்கடவுளான நாயகன் தோரின் உயிரணுக்களிலிருந்து டோனியின் தரப்பு உருவாக்கிய நகல், கோலியாத் என்னும் பில் ஃபாஸ்டரின் மார்பை மின்னலால் துளைக்கிறது. பேருருவத்திலேயே இறந்துவிட்ட அவனைச் சிறிதாக்க வழியில்லாததால், அந்த உடலை அப்படியே புதைக்கிறார்கள். தங்கள் பழைய நண்பனுக்காகத் தோண்டப்பட்ட அந்தப் பெருங்குழி, இத்தொடரில் என்னால் மறக்கவே முடியாத படம்.

எனினும் இந்த இதழின் உயிர், ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற நால்வர் குழுவின் சூசனிடம்தான் இருக்கிறது. கணவன் ரீட் ரிச்சர்ட்ஸ் அந்த நகலை உருவாக்கியவர்களில் ஒருவன். அதே நகல் மேலும் உயிர் பறிக்க முனைகையில், தன் கணவன் எதிர்க்கும் மனிதர்களைத் தன் புலப்படாத கவசத்தால் காத்து அவர்கள் தப்பிச் செல்ல வழிசெய்கிறாள். பிறகு ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு, தம்பி ஜானியுடன் வீட்டைவிட்டுப் போகிறாள். குழந்தைகளை விட்டுச் செல்ல அவளுக்கு மனமில்லை. இந்தப் போரை முடித்துவைத்தால் கணவன் மீண்டும் பழைய மனிதனாவான் என்ற நம்பிக்கையும் போகவில்லை. அதே நால்வர் குழுவின் பென் கிரிம், எந்தப் பக்கமும் சேர மாட்டேன் என்று பிரான்ஸ் நாட்டுக்கே போய்விடுகிறான்.

சோழர்களான நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் போரிட்டபோது, இருவர் சூடியிருப்பதும் ஆத்தி மாலையே, யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று இடையில் நின்று பாடிய சங்கப் புலவர் கோவூர்கிழாரின் நினைவு எனக்கு இன்று முழுதும் விலகவில்லை. சூசனும் பென்னும் நிற்பது அந்த இடத்தில்தான். அணித்தலைவர்களைப் பற்றியே பேசும் வாசகர்கள் இவ்விருவரையும் கடந்துபோவது எனக்கு வருத்தம் தருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

குறை ஒன்றையும் பதிய வேண்டும். பதிய மறுத்தவர்களை வேற்றுப் பரிமாணத்தில் கட்டிய '42' என்ற சிறையில் விசாரணையின்றி அடைக்கிறார்கள். கைதிகளை விசாரணையின்றி அமெரிக்கா அடைத்துவைத்த குவாண்டனாமோ சிறை செயல்பட்டுக்கொண்டிருந்த 2006இல் அதன் குறிப்பு எவருக்கும் புரிந்திருக்கும். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் சிறை, நகல், கூலிக்கு அமர்த்திய குற்றவாளிகள் என்று எல்லாவற்றையும் டோனியின் தட்டில் ஏற்றியதால் தராசு சாய்ந்துவிடுகிறது. ஸ்டாம்ஃபோர்ட் எழுப்பிய நியாயமான கேள்வி நடுவில் சில இதழ்களுக்குக் காணாமலே போய்விடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

ஏழாம் இதழ். சிறைக்குள் தொடங்கிய சண்டை நியூயார்க் வீதிகளுக்குள் இறங்குகிறது. பொதுமக்களைக் காக்கவென்றே பென் திரும்பி வருகிறான். சூசனை நோக்கி வந்த குண்டுகளுக்குக் குறுக்கே ரீட் பாய்கிறான். கேப்டனோ டோனியை வீழ்த்தி, கடைசி அடிக்காகக் கேடயத்தை ஓங்குகிறான். அந்த நொடியில் தீயணைப்பு வீரர், காவலர், மருத்துவ உதவியாளர் என்று பலர் அவன்மேல் பாய்ந்து அவனைப் பிடித்து இழுக்கிறார்கள்.

முதல் வாசிப்பில் இந்த முடிவு திடீரென்று வந்ததாக எண்ணி ஏமாற்றமடைந்தேன். இன்று அப்படித் தோன்றவில்லை. அவர்களைக் காயப்படுத்தக்கூடாது என்று அவன் விலகச் சொல்ல, இடிந்த கட்டடங்களை அவர்கள் அவனுக்குக் காட்டுகிறார்கள். வாதத்தில் தோற்றதாக அவன் எண்ணவில்லை. வாதத்துக்காக மட்டுமே தாங்கள் போரிட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் காண்கிறான். தன் அணியை நிறுத்தச் சொல்லிவிட்டு, முகமூடியைக் கழற்றி, ஸ்டீவ் ராஜர்ஸாகக் கைகளை நீட்டுகிறான். இரண்டாம் இதழில் பீட்டர் கழற்றியது வெற்றி அறிவிப்புப் போல இருந்தது. இங்கே ஒரு மனிதன் களைத்துப்போன முகத்துடன் நிற்கிறான்.

கடைசிப் பக்கங்களில் ரீட் சூசனுக்கு எழுதும் கடிதம் வருகிறது. டோனி ஷீல்டின் தலைவனாகி, அதே மிரியம் ஷார்ப்பிடம் எதிர்காலத் திட்டங்களை விளக்குகிறான். அதைப் படித்த கையோடு, 2007 மார்ச்சில் வந்த கேப்டன் அமெரிக்கா 25ஆம் இதழையும் எடுத்து வைத்திருக்கிறேன். விலங்கிட்ட கைகளுடன் நீதிமன்றப் படிகளில் கேப்டன் ஏறும் பக்கம் அதில் இருக்கிறது. இன்றிரவு அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.