மூன்று வாரம் பெய்த மழை

டிவி சத்தத்தை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பழைய ஏவி ரிசீவரில் ஒரு குறையும் இல்லை. இதை இங்கே ஒத்துக்கொள்கிறேன், வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. "வயசாயிடுச்சு, எப்ப வேணா நின்னுடும்" என்று ஆறு மாதமாக, படுத்த படுக்கையாகிவிட்ட தாத்தாவைப் பற்றிப் பேசுவது போலவே அதைப் பற்றிப் பேசி எல்லோரையும் தயார்படுத்தி வைத்திருந்தேன். அதுவோ குத்துக்கல்லாட்டம் பாடிக்கொண்டிருந்தது.

புது ரிசீவர் வந்தது. கூடவே கூரையில் பதிக்க நாலு ஸ்பீக்கர், அடித்தொனிக்கென்றே இடுப்பு உயரத்துக்கு ஒரு சப்வூஃபர். 5.1 ஆக (சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) இருந்த ஹால் 5.1.4 ஆகிவிட்டது. கடைசியில் ஒட்டிக்கொண்ட அந்த 4 தான் டால்பி அட்மாஸ். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறக்கும், மழை மேலிருந்து பெய்யும் என்று விளக்கினேன். கூரையில் போட்டிருந்த நாலு ஓட்டைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "பெய்யுமா, ஒழுகுமா?" என்றாள் மனைவி.

பழையது 80 வாட்ஸ், இது 160. அப்போ சத்தம் இரண்டு மடங்கா என்றால், அதுதான் இல்லை. வாட்ஸை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல். "ஆமாம், ரெண்டு மடங்கு சத்தம்" என்று நம் காது ஒத்துக்கொள்ள ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். இந்தக் கணக்கெல்லாம் எனக்கு அத்துப்படி. பணம் கட்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

சப்வூஃபரை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழிமுறை உண்டு. பேஸ் என்கிற அடித்தொனியின் அலைகள் நீளமானவை. 40 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு அலையே எட்டரை மீட்டருக்கு வரும். அது நம் ஹாலுக்குள் சுவரில் மோதித் திரும்பி, ஓர் இடத்தில் குவியும், இன்னோர் இடத்தில் காணாமல் போகும். ஆகவே, நாம் உட்காரும் சோபாவில் சப்வூஃபரைத் தூக்கி வைத்துவிட்டு, சுவரோரமாக நாம் தவழ்ந்து போக வேண்டும். எங்கே பேஸ் சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபருக்கு இடம். சிரிக்காதீர்கள், உலகம் முழுக்க இந்தப் பித்துப் பிடித்தவர்கள் இப்படித்தான் தவழ்கிறார்கள்.

ராத்திரி பத்து மணிக்கு முட்டி தேய மூன்றாவது மூலையை எட்டியபோது விளக்கு எரிந்தது. ஒரு மாதம் தங்கிப் போக வந்திருந்த மாமனார். சோபாவில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்த பெட்டியைப் பார்த்தார். தரையில் நாலு காலில் இருந்த என்னைப் பார்த்தார்.

"என்ன மாப்பிள்ளை, எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"பேஸைத் தேடுறேன் மாமா."

"யாரோட ஃபேஸை?"

பதில் சொல்லாமல் அடுத்த மூலைக்குத் தவழ்ந்தேன். அவரும் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டார். மகளைக் கொடுத்த இடத்தைப் பற்றி என்ன நினைத்தாரோ.

மறுநாள் காலிபரேஷன். காது உயரத்தில் ஒரு மைக்கை நிறுத்தினால், ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் 'வூப்... வூப்...' என்று அடித்து அளந்துகொள்ளும். எட்டு இடத்தில் மைக்கை வைக்க வேண்டும், அதுவரை ஹாலில் ஊசி விழுந்தாலும் கேட்க வேண்டும். ஃபேனை நிறுத்தி, ஃப்ரிட்ஜை நிறுத்தி, எல்லோரையும் சிலையாக்கி ஏழு இடம் முடித்தேன். எட்டாவதில் மாமனார் தும்மினார். 'சுற்றுப்புறச் சத்தம் அதிகம்' என்று திரையில் வந்தது. அவர் முகத்தில் வகுப்பறையில் மாட்டிக்கொண்ட பையனின் களை.

ஒருவழியாக முடிந்து பார்த்தால், சப்வூஃபர் 8 மீட்டர் தூரத்தில் இருப்பதாகக் காட்டுகிறது. எங்கள் ஹாலே 5 மீட்டர்தான். ரிசீவரின் கணக்குப்படி சப்வூஃபர் பக்கத்து வீட்டில் இருக்கிறது. (அவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள் என்பது பிற்பாடு தெரிந்தது.) இது தப்பில்லை. சப்வூஃபருக்குள் இருக்கும் சர்க்யூட் ஒலியைச் சில மில்லி செகண்ட் தாமதப்படுத்தும், ரிசீவர் அந்த நேரத்தையும் தூரமாகச் சேர்த்து எழுதிவிடும். திருத்தக் கூடாது, அப்படியே விட்டுவிட வேண்டும். மனைவியிடம் இதைச் சொன்னேன். "திருத்தறதாவது, நீங்களாவது" என்றாள்.

அப்புறம் வந்த மூன்று வாரமும் பொற்காலம். ஆபீஸில் ஒருத்தரையும் விட்டுவைக்கவில்லை. "மழை சீன்ல தலையைத் துடைச்சுக்கணும் போல இருக்கு" என்றேன். "ஒவ்வொரு துளியும் தனித்தனியா எங்க விழுதுன்னு சொல்லலாம்" என்றேன். ஒரு நண்பனை வீட்டுக்கே அழைத்து வந்து கண்ணை மூடச் சொன்னேன். அவனும் மூடிக்கொண்டு, "ஆமாண்டா, பின் மண்டைக்கு மேல!" என்றான். நல்ல பையன்.

ஒரு ராத்திரி, படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, சோபாவில் மல்லாந்து படுத்திருந்த மாமனார் மெதுவாகக் கேட்டார்.

"மாப்பிள்ளை, மேல இருக்கிற இந்த நாலும் எப்ப பேசும்?"

"இப்பவே பேசுதே மாமா. கவனிச்சுக் கேளுங்க."

"மூணு வாரமா இதுக்கு நேர் கீழதான் படுத்திருக்கேன். அன்னிக்கு வூப்னு சொன்னதோட சரி."

ஸ்டூல் போட்டு ஏறிக் கூரையில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. அடுத்ததில் வைத்தேன். அதுவும் மௌன விரதம். இறங்கி வந்து ரிசீவரின் முகப்பைப் பார்த்தேன். இருட்டில் கண்ணை உறுத்துகிறது என்று அந்த எழுத்துகளின் வெளிச்சத்தை முதல் நாளே நானேதான் மங்கலாக்கியிருந்தேன். கிட்டப் போய்ப் படித்தால், 'ஸ்டீரியோ'.

டிவியின் சவுண்ட் அவுட்புட் பி.சி.எம். என்ற ஒலி வடிவத்தில் இருந்திருக்கிறது. எங்களுடையது பழைய டிவி. அப்படி வைத்தால், ரிசீவருக்குச் சத்தம் போகும் ஏ.ஆர்.சி. இணைப்பு வழியாக இரண்டே சேனலைத்தான் அனுப்பும். ரிசீவரும் கொடுத்ததை வாங்கி முன்னால் இருந்த இரண்டு பழைய ஸ்பீக்கரில் பாடவிட்டிருக்கிறது. நான் தலை துவட்டிய மழை முழுக்க அந்த இரண்டில் பெய்ததுதான்.

பி.சி.எம்.மை எடுத்துவிட்டு 'ஆட்டோ' என்று மாற்ற நாலே விநாடி ஆனது. முகப்பில் 'அட்மாஸ்' என்று எழுந்தது. மழைக் காட்சியை மறுபடி போட்டேன். உள்ளே வேலையாக இருந்த மனைவி வாசல் பக்கம் ஓடுவது தெரிந்தது. திரும்பி வரும்போது கை நிறையக் காய்ந்த துணி. கூரையையும் என்னையும் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மறுபடி கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். எந்த நிபுணர் சான்றிதழும் இதற்கு ஈடாகாது.

அடுத்த வாரம் மூன்று பேரும் படம் பார்த்துக்கொண்டிருந்தோம். தலைக்கு மேல் சடசடவென்று ஆரம்பித்தது. "இன்னிக்கு இன்னும் தத்ரூபமா இருக்குங்க" என்றாள் மனைவி. வாங்கியதிலிருந்து அவள் வாயால் வந்த முதல் பாராட்டு. நான் ரிமோட்டைத் தடவிக்கொண்டே காலை நீட்டி உட்கார்ந்தேன்.

"படத்துல வெயில் கொளுத்துதே மாப்பிள்ளை" என்றார் மாமனார்.

துணி காய மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது.