கோத்தகிரி, நவம்பர்

நவம்பர் 3
மழை. கோவையில் இருந்து போன் இல்லை.

நவம்பர் 4
நான் சேர்த்த காசை ஆஸ்பத்திரிக்கு எடுக்கக் கூடாது, அவள் கம்ப்யூட்டரில் படம் வரைகிற டேப்லெட்டுக்குச் சேர்த்தது என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் அம்மா கோவைக்கு வண்டி ஏறினார். அதனால் வாங்கித்தான் ஆக வேண்டும். எதை என்பதுதான் கேள்வி. திரை உள்ளதில் பார்க்கிற இடத்திலேயே வரையலாம், ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் விலை பல மடங்கு, பெரும்பாலானவற்றுக்குத் தனியாகக் கரண்டும் வேண்டும், இங்கே நவம்பரில் சாயங்காலமானால் கரண்ட் இருந்தால்தானே. திரை இல்லாதது வெறும் பலகை, அதில் பேனாவால் வரைவது லேப்டாப் திரையில் தெரியும், அதற்கு லேப்டாப்பின் யூஎஸ்பி கொடுக்கிற கரண்டே போதும். பேட்டரி நிற்கும் வரை வரையலாம்.

நவம்பர் 5
சரி, திரை இல்லாதது.

பாட்டி இரவு மூன்று தடவை எழுந்து அம்மாவைக் கேட்டார்.

நவம்பர் 7
8192 பிரஷர் லெவல், 16384 பிரஷர் லெவல் என்று விளம்பரம் முழுக்க எண்கள். பேனாவை அழுத்துவதை எத்தனை படியாகப் பிரித்து அறியும் என்கிற கணக்கு. ஒன் பை வாகாம் என்கிற மாடலில் 2048தான். அனிமேஷன் செய்யும் கோவை அண்ணனிடம் கேட்டேன். 2048ஐயே எந்தக் கையும் பிரித்து அறியாது, எவ்வளவு மெல்லத் தொட்டால் கோடு விழ ஆரம்பிக்கிறது என்று பார் என்றார். இதை ஏன் எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை? முதல் டேப்லெட் வாங்குகிற எல்லோரும் எண்ணைப் பார்த்துத்தானே பயப்படுகிறோம்.

அப்பா பேசினார். இன்னும் டெஸ்ட் பாக்கி என்றார்.

நவம்பர் 8
ஹூயான் எச்640பி என்கிற இன்னொரு மாடல்: வரையும் பரப்பு 160க்கு 100 மில்லிமீட்டர், பலகையில் ஆறு ஷார்ட்கட் பட்டன். ஒன் பை வாகாம் சின்னது: 152க்கு 95, பட்டனே இல்லை. இரண்டு பேனாவுக்கும் பேட்டரி வேண்டாம், பலகையில் இருந்து வரும் காந்தப் புலமே பேனாவுக்குச் சக்தி. என் லேப்டாப்பில் இருப்பது லினக்ஸ். வாகாமை இயக்கும் டிரைவர் லினக்ஸின் அடிப்படையான கெர்னலிலேயே இருக்கிறது, செருகினால் போதும். பட்டன் இல்லாவிட்டால் என்ன, ஷார்ட்கட்டுக்கு இடது கை கீபோர்டில் இருக்கட்டும்.

வாகாமிலேயே பெரியதில், 216க்கு 135இல், முழங்கையில் இருந்து கை வீசி வரையலாம். சின்னதில் மணிக்கட்டுதான். 14 அங்குல லேப்டாப்புக்குச் சின்னதே போதும் என்கிறார் அண்ணன். போதுமா?

நவம்பர் 9
போதும். ஆர்டர் போட்டுவிட்டேன்.

நவம்பர் 12
ரோட்டில் மண் சரிவாம். பார்சல் மேட்டுப்பாளையத்திலேயே நிற்கிறது. போன் இல்லை.

நவம்பர் 13
போன் இல்லை.

நவம்பர் 15
வந்துவிட்டது!! செருகியதும் வேலை செய்தது. கிரிட்டா என்கிற வரையும் சாஃப்ட்வேரைத் திறந்து வட்டம் போட்டால் அகலமாக நசுங்கி விழுந்தது. கை நடுக்கம் என்று நினைத்து அரை மணி நேரம் வட்டமாகவே போட்டேன். அப்புறம்தான் புரிந்தது: அகல உயர விகிதம் டேப்லெட்டில் 16:10, திரையில் 16:9, முழுப் பரப்பையும் முழுத் திரைக்குக் கொடுத்தால் பக்கவாட்டில் இழுபடத்தான் செய்யும். உயரத்தில் ஒரு செண்டிமீட்டரை விட்டுக்கொடுத்து அளவை மாற்றினேன், வட்டம் வட்டமானது. பலகையைத் திரைக்கு நேராக வைக்க வேண்டும், கொஞ்சம் திருப்பி வைத்தாலும் கோடு சாய்கிறது.

நவம்பர் 16
கை கீழே, கண் மேலே. கொடுமை. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, பேப்பரைப் பார்க்காமல் எதற்கு வரைகிறாய் என்கிறார்.

நவம்பர் 18
இணைகோடுகள், நெளிகோடுகள், மறுபடி இணைகோடுகள். கிரிட்டாவில் கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசர் போட்டால் கோடு அழகாக வருகிறது, ஆனால் இப்போதைக்கு அணைத்தே வைத்திருக்கிறேன், கை முதலில் பழகட்டும். பலகை வழுக்குகிறது. மேலே ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினேன், தாளைத் தாண்டியும் பேனா வேலை செய்கிறது, பென்சில் போலவே உரசுகிறது. பேனா முனையான நிப் சீக்கிரம் தேயும். தேயட்டும், மாற்று நிப் இருக்கிறது.

தேயிலைக்குள் காட்டெருமை நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கால்கள், அதை மட்டும் வரைந்தேன். கால் கால் மாதிரி இருக்கிறது! அம்மாவுக்கு அனுப்பினேன். இன்னும் பார்க்கவில்லை.

நவம்பர் 19
பார்க்கவில்லை.

நவம்பர் 20
அப்பா பேசினார். காலையில் முதல் பஸ்ஸுக்கு வா, பாட்டியை அத்தை வீட்டில் விட்டுவிடு என்றார். என்ன என்று கேட்டேன், வா பேசிக்கலாம் என்றார். லேப்டாப், சார்ஜர், டேப்லெட், அம்மாவின் ஸ்வெட்டர். பேனாவைத் தனியாகத் துணியில் சுற்றி