பெஞ்ச் பிரஸ்ஸுக்கு முன் நான் பார்ப்பவை

துணைக்கு ஆளில்லாமல் பெஞ்ச் பிரஸ் (பெஞ்சில் மல்லாந்து படுத்து எடைக்கம்பியை நெஞ்சிலிருந்து மேலே தள்ளும் பயிற்சி) செய்யும் நாள்களில், இருபுறமும் பாதுகாப்புக் கம்பிகள் உள்ள பவர் ரேக் என்னும் இரும்புச் சட்டகத்தைத் தவிர வேறெதையும் நான் நாடுவதில்லை. நெஞ்சை நிமிர்த்திப் படுக்கும்போது அதன் மட்டத்திற்குச் சற்றே கீழாகவும், கழுத்தைவிட உயரமாகவும் அக்கம்பிகளை அமைத்துக்கொண்டால், கை தளர்ந்துபோனாலும் எடை அவற்றின்மீதே தங்கிவிடும். எடைத்தட்டுகளைச் சேர்க்காமலே, ஆண்களுக்கான ஒலிம்பிக் பார் என்னும் எடைக்கம்பி 20 கிலோ இருக்கும் என்பதைப் புதியவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேபிள் இயந்திரங்களில் மேலுறை கிழிந்து எஃகு இழைகள் வெளியே தெரிந்தாலோ, எடையைத் தேர்ந்தெடுக்கும் பின்னுக்குப் பதிலாக யாரேனும் ஆணியைச் செருகியிருந்தாலோ (ஒருமுறை நானே கண்டிருக்கிறேன்), அதைத் தொடாமல் பயிற்சியாளரிடம் தெரிவித்துவிடுவேன். ஸ்மித் மெஷினைப் பலர் பரிந்துரைத்தாலும், அதன் கம்பி ஒரே தடத்தில் மட்டும் நகர்வதால் என் தோள்மூட்டுக்கு அது ஒத்துவரவில்லை.