யமஹா ஆர்6: சாலையில் குறை, பந்தயத்தில் நிறை

600 சி.சி. ஸ்போர்ட்ஸ் பைக்குகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், யமஹா ஆர்6 சாலையில் ஓட்டுவதற்கு ஏற்ற வண்டியல்ல என்ற குறையை யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். அந்தக் குறை நியாயமானதுதான். எஞ்சின் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுழற்சிகளைத் தொடும் வரை வண்டியில் சொல்லிக்கொள்ளும்படியான இழுவை இருக்காது. நகர நெரிசலில் அந்த எல்லையைத் தொடவே வாய்ப்பில்லை. ஆனால் இதே வண்டிதான் உலக சூப்பர்ஸ்போர்ட் சாம்பியன்ஷிப்பில் 2017 முதல் 2022 வரை ஆறு ஆண்டுகள் இடைவிடாமல் பட்டம் வென்றது. லூகாஸ் மாஹியாஸ், சாண்ட்ரோ கோர்டேஸே, ராண்டி க்ரும்மெனாகர், ஆண்ட்ரியா லோகாடெல்லி, பிறகு இரண்டு முறை டொமினிக் ஏகெர்ட்டர் என ஓட்டுநர்கள் மாறினார்கள், வண்டி மாறவில்லை. அதைவிட வியப்பு, அந்த வண்டியின் எஞ்சின் அடிப்படையில் 2006-இல் வடிவமைக்கப்பட்டது என்பது.

இதற்குக் காரணம் தேடுபவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறன் கணக்கில் போய் நின்றுவிடுகிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது விதிப்புத்தகத்தை. மோட்டோ ஜிபி போலப் பந்தயத்துக்கென்றே தனியாக வண்டி கட்டும் போட்டியல்ல சூப்பர்ஸ்போர்ட். கடையில் விற்கும் வண்டியைக் கொண்டுவந்து, அனுமதிக்கப்பட்ட சில பாகங்களை மட்டும் மாற்றி ஓட்ட வேண்டும். புகைபோக்கியை மாற்றலாம், பின்புற ஷாக் அப்சார்பரை மாற்றலாம், முன் ஃபோர்க்கின் உள்ளுறுப்புகளை மாற்றலாம். ஆனால் வண்டியின் சட்டமான சேஸிஸ், பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங்ஆர்ம், சக்கரங்கள், எஞ்சினின் வெளிக்கூடு, சிலிண்டரின் விட்டம், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமான ஸ்ட்ரோக், எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் த்ராட்டில் பாடி ஆகியவை தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். ஆகவே, கைவைக்கக் கூடாத இடங்களில் எந்த நிறுவனம் தொடக்கத்திலேயே பந்தயத்தை மனத்தில் வைத்து வேலை செய்திருக்கிறதோ, அந்த நிறுவனத்தின் வண்டி முதல் சுற்று தொடங்கும் முன்பே ஓரடி முன்னால் நிற்கிறது. மாற்றக்கூடிய இடங்களில் உள்ள குறையைப் பணமும் திறமையும் உள்ள எந்த மெக்கானிக்கும் சரிசெய்துவிடுவார். மாற்றக் கூடாத இடத்தில் உள்ள குறையை ஒருவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

முதலில் எஞ்சின். 1999-இல் வந்த முதல் ஆர்6-இல் சிலிண்டர் விட்டம் 65.5 மி.மீ., ஸ்ட்ரோக் 44.5 மி.மீ. 2006-இல் வந்த புதிய வடிவத்தில் அது 67 மி.மீ., 42.5 மி.மீ. என மாறியது. கொள்ளளவு அதே 599 சி.சி.தான். ஸ்ட்ரோக் இரண்டு மில்லிமீட்டர் குறைந்ததில் என்ன பெரிய லாபம் என்று தோன்றலாம். நிமிடத்துக்கு 16,000 சுழற்சியில் பிஸ்டனின் சராசரி வேகத்தைக் கணக்கிட்டால், பழைய அளவில் நொடிக்கு 23.7 மீட்டரும் புதிய அளவில் 22.7 மீட்டரும் வருகிறது. அதாவது, பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் அதே அளவு பாடு கொடுத்து, எஞ்சினை இன்னும் எழுநூறு சுழற்சிக்கு மேல் ஓட்டலாம். விட்டம் பெரிதானதால் வால்வுகளுக்கும் கூடுதல் இடம் கிடைக்கிறது. வால்வுகள் எடை குறைந்த டைட்டானியத்தால் ஆனவை. அந்த வேகத்தில் ஸ்பிரிங் அவற்றைச் சரியான நேரத்தில் மூடுவதற்கு இது உதவுகிறது. கொள்ளளவுக்கு உச்சவரம்பு இருக்கும் போட்டியில் திறனைக் கூட்ட எஞ்சியிருக்கும் முக்கிய வழி அதிகச் சுழற்சிதான்; கீழ்ச்சுழற்சி இழுவையைத் தியாகம் செய்து யமஹா அந்த வழியைத் தேர்ந்தெடுத்தது. பந்தயத் தடத்தில் நெருக்கமான ஆறு கியர்களின் துணையோடு எஞ்சினை எப்போதும் மேல்நிலையிலேயே வைத்திருக்கலாம் என்பதால், சாலைக்காரர்கள் புலம்பிய அந்தக் குறை அங்கே தலைகாட்டுவதே இல்லை.

(இந்த மேல்சுழற்சி மோகம் யமஹாவை ஒருமுறை சங்கடத்திலும் மாட்டிவிட்டது. 2006 மாடல் 17,500 சுழற்சி வரை போகும் என்று பெருமையாக விளம்பரம் செய்தார்கள். சுழற்சியைக் காட்டும் டாக்கோமீட்டர் உண்மையைவிட ஆயிரத்துக்கும் மேல் கூட்டிக் காட்டியது தெரியவந்ததும், அமெரிக்காவில் விற்ற வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள முன்வர வேண்டியதாயிற்று.)

எஞ்சின் அளவு மட்டுமே காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஹோண்டா சிபிஆர்600ஆர்ஆரின் விட்டமும் ஸ்ட்ரோக்கும் அதே 67, 42.5தான். 2003-இல் வந்த அந்த வண்டியில் ஹோண்டா வேறொரு பக்கம் கவனம் செலுத்தியது. மோட்டோ ஜிபி வண்டியான ஆர்சி211வி-இல் கற்ற பாடத்தைக் கொண்டு, பெட்ரோல் டேங்கின் பெரும்பகுதியைக் கீழே இறக்கி, ஓட்டுநருக்கு அருகில் கொண்டுவந்து, எடையை வண்டியின் நடுவில் குவித்தார்கள். எடை நடுவில் குவிந்த வண்டி இடமும் வலமும் விரைவாகச் சாயும். டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய வண்டியின் குணமும் அதிகம் மாறாது. ஹோண்டா 2002 முதல் 2008 வரை தொடர்ந்து ஏழு பட்டங்கள் வென்றதில், முதல் ஆண்டு தவிர மற்ற ஆறும் இந்த வண்டியின் கணக்கில் சேரும். பின்னர் 2010-இல் மோட்டோ ஜிபிக்கு அடுத்த வகுப்பான மோட்டோ2 தொடங்கியபோது எல்லா அணிகளுக்கும் பொதுவான எஞ்சினாக இதன் எஞ்சினே தேர்வாகி, 2018 வரை நீடித்தது. ஒன்பது ஆண்டுகள் ஒரு முழு வகுப்பையே சுமந்த எஞ்சினின் உழைப்புத் தாங்கும் குணத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சேஸிஸ் விஷயத்தில் யமஹாவின் பலம் கியர்பாக்ஸில் தொடங்குகிறது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்டையும் கியர்பாக்ஸின் இரண்டு ஷாஃப்டுகளையும் ஒரே கோட்டில் நீட்டாமல் முக்கோணமாக அடுக்கினால் எஞ்சினின் நீளம் குறையும். 1998-இல் ஆர்1-இல் யமஹா கையாண்ட முறை இது. 2006 ஆர்6-இலும் அதையே காணலாம். எஞ்சின் குட்டையானால், இரு சக்கரங்களுக்கும் இடையிலான தூரத்தை 1,380 மி.மீ. என்ற சிறிய அளவிலேயே வைத்துக்கொண்டு ஸ்விங்ஆர்மை மட்டும் நீளமாக்கலாம். நீளமான ஸ்விங்ஆர்ம், வளைவிலிருந்து வெளியேறும்போது பின்சக்கரத்தின் பிடியைச் சீராக வைத்திருக்கிறது. 600 சி.சி. வண்டிக்கு நேர்ப்பாதையில் எதிரியை உதறிவிட்டு ஓடும் வலிமை கிடையாது; வளைவின் நடுவே எவ்வளவு வேகத்தைக் காப்பாற்றினோம் என்பதில்தான் நொடியின் பத்தில் ஒரு பங்குகள் சேர்கின்றன. பிரேக்கைப் பிடித்தபடியே வளைவுக்குள் நுழைய முன்சக்கரத்தின் மீது ஓட்டுநருக்கு நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கையைத் தருவதில் ஆர்6-க்கு நல்ல பெயர் உண்டு. நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கும் ஆர்15-க்கும் 2008-இல் ஆர்6-இல் உள்ளதுபோல் எஞ்சினின் இருபுறமும் இரு விட்டங்கள் ஓடும் டெல்டாபாக்ஸ் வகைச் சேஸிஸைத்தான் யமஹா கொடுத்தது. சிறிய வண்டியானாலும் வளைவில் அது காட்டும் நிதானத்தை ஓட்டியவர்கள் அறிவார்கள்.

இதற்கெல்லாம் மேலாக நான் முக்கியமாகக் கருதுவது த்ராட்டிலை. 2006 ஆர்6-இல் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் கேபிள் நேராக த்ராட்டில் வால்வைத் திறப்பதில்லை. கணினி கணக்கிட்டு, ஒரு சிறு மோட்டார் மூலம் திறக்கிறது. உற்பத்தி மோட்டார் சைக்கிள்களில் இந்த அமைப்பை முதலில் கொண்டுவந்தவற்றில் ஆர்6-உம் ஒன்று. அன்று பலருக்கு இது தேவையற்ற ஆடம்பரமாகத் தெரிந்தது. பத்தாண்டுகளில் பந்தயமே மின்னணுவியலின் கைக்குப் போனபோதுதான் அதன் அருமை புரிந்தது. வளைவுக்குள் நுழையும்போது எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும் எஞ்சின் பிரேக்கிங் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தக் கியரில் எவ்வளவு விசை பின்சக்கரத்துக்குப் போக வேண்டும் என்பதையெல்லாம் பொறியாளர் மடிக்கணினியில் தீர்மானிக்கலாம். சிபிஆர்600ஆர்ஆருக்கு இந்த வசதி 2020-இல்தான் வந்து சேர்ந்தது. த்ராட்டில் பாடியை மாற்ற விதி இடம் தராத நிலையில், பதினான்கு ஆண்டுகள் முந்தியிருப்பது சாதாரண லாபமல்ல.

ஆனாலும் ஆர்6-இன் ஆறு தொடர் பட்டங்களை முழுக்க அதன் வடிவமைப்பின் பெருமையாகவே எழுதினால் அது பாதி உண்மைதான். 2008-க்குப் பிந்தைய பொருளாதார நெருக்கடியில் 600 சி.சி. வண்டிகளின் சந்தை சுருங்கியது. சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர்600-இன் கடைசிப் பெரிய மாற்றம் 2011-இல் நிகழ்ந்தது. யூரோ 4 மாசு விதி வந்ததும் ஹோண்டா தன் 600-ஐ ஐரோப்பியச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டது. யமஹா மட்டும் 2017-இல் ஆர்1-இன் 43 மி.மீ. ஃபோர்க், 320 மி.மீ. பிரேக் டிஸ்க் ஆகியவற்றோடு ஆர்6-ஐப் புதுப்பித்து யூரோ 4-க்குள் கொண்டுவந்தது. எதிராளிகள் களத்தைவிட்டு விலகியபோது நின்று விளையாடியவருக்குக் கிடைத்த பலன் அது. கவாஸாகியோடு 2012, 2015, 2016-இல் பட்டம் வென்ற கெனான் சோஃபுவோக்லு 2018-இல் ஓய்வு பெற்ற பிறகு, யமஹாவை மறிக்க ஆளும் குறைந்தது. நல்ல வண்டி என்று பெயர் வந்ததும் நல்ல அணிகள் அதை வாங்கின. அணிகள் கூடியதும் உதிரிபாகமும் சஸ்பென்ஷன் அமைப்புக்கான அனுபவமும் பெருகின. லோகாடெல்லி போன்று மோட்டோ2-இலிருந்து வந்தவர்களும் அந்த அணிகளையே நாடினார்கள். யூரோ 5 காரணமாக 2021 முதல் ஐரோப்பாவில் ஆர்6 தடத்தில் மட்டும் ஓட்டும் வண்டியாக விற்கப்பட்ட பின்பும் இரண்டு பட்டங்கள் வந்தது இந்தச் சுழற்சியின் வேகத்தால்தான்.

இன்னொரு பெயரையும் விட்டுவிடக் கூடாது. ஹோண்டாவின் அந்த ஏழு பட்டங்களும் நெதர்லாந்தின் டென் கேட் அணி வென்றவை. ஏகெர்ட்டரின் இரண்டு ஆர்6 பட்டங்களும் அதே டென் கேட் அணியுடையவை. 2025-இல் ஸ்டெஃபானோ மான்ஸி யமஹா ஆர்9-இல் பட்டம் வென்றதும் அதே அணியில்தான். நான்கு வெவ்வேறு வண்டிகளில் ஒரே பட்டறையின் கை தெரிகிறது என்றால், வண்டிக்குக் கொடுக்கும் புகழில் ஒரு பங்கை அங்கே பிரித்துக் கொடுக்கத்தான் வேண்டும்.

2022-இல் விதியே மாறியது. 955 சி.சி. டுகாட்டி பனிகாலே வி2, 765 சி.சி. ட்ரையம்ஃப், 800 சி.சி. எம்வி அகுஸ்டா போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டு, கொள்ளளவுக்குப் பதிலாக த்ராட்டில் திறப்பு, சுழற்சி வரம்பு, எடை ஆகியவற்றைக் கொண்டு சமன்செய்யும் முறை வந்தது. மற்றவர்கள் எட்டாத சுழற்சிக்கு ஏறுவதால் கிடைத்துவந்த லாபம் இதில் மதிப்பிழந்தது. 2023-இல் நிக்கோலோ புலேகாவும் 2024-இல் அட்ரியான் ஹுவெர்டாஸும் டுகாட்டியில் வென்றார்கள். யமஹா அடுத்து இறக்கிய ஆர்9, 890 சி.சி. மூன்று சிலிண்டர் வண்டி. சாலை வடிவத்தில் அதன் உச்சத்திறன் 10,000 சுழற்சியிலேயே கிடைத்துவிடுகிறது, அதாவது ஆர்6 விழித்தெழும் இடத்தில். சாலையிலும் இனிமையாக ஓடும் வண்டி பந்தயத்திலும் வெல்வது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் எந்த வண்டி எவ்வளவு விசை தரலாம் என்பதை இப்போது அமைப்பாளர்களின் அட்டவணையும் சேர்ந்து தீர்மானிக்கிறது. ஆகவே ஆர்9-இன் வெற்றியில் வடிவமைப்பின் பங்கு எவ்வளவு என்று ஆர்6 விஷயத்தில் செய்ததுபோல் பிரித்துப் பார்ப்பது கடினம். ஆர்6-உம் உடனே முழுதாக ஓய்ந்துவிடவில்லை: அமெரிக்காவின் மோட்டோ அமெரிக்கா சூப்பர்ஸ்போர்ட் போட்டியில் 2022-லும் 2023-லும் டுகாட்டி பட்டத்தைக் கொண்டுபோன பிறகு, 2024-இல் மேத்யூ ஷோல்ட்ஸ் அதை ஆர்6-இல் மீட்டுவந்தார்.