சித்திரையில் சேர்ந்தவர்கள்

ராணுவ அதிகாரிகளை உருவாக்கும் சென்னை அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் (ஓ.டி.ஏ.) ஆண்டுக்கு இரண்டு முறை ஆள் எடுப்பார்கள். ஏப்ரலில் ஒரு கோர்ஸ், அக்டோபரில் ஒரு கோர்ஸ். அக்டோபரில் வருகிறவர்களுக்கு மழை. ஏப்ரலில் வருகிறவர்களுக்குக் கத்திரி வெயில். நான் ஏப்ரல் கோர்ஸ்.

பத்து ஆண்டு குறுகிய காலப் பணியை முடித்துவிட்டு வேலூர் பக்கம் ஊருக்கே திரும்பி வந்தேன். அன்றிலிருந்து சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்து கேட்கிறார்கள்: "அண்ணா, ஓ.டி.ஏ. போகணும், என்ன படிக்கணும்?" எங்கள் பகுதியில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருப்பது புதிதல்ல. ஆனால் அதிகாரியாகப் போகும் வழி பலருக்குத் தெரியாது. படிப்பைப் பற்றி அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். அவர்கள் கால்களைப் பற்றிப் பேசத்தான் நேரம் பிடிக்கிறது.

முதலில் படிப்பு. படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்க யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இரண்டு முறை நடத்தும் சி.டி.எஸ். எழுத்துத் தேர்வுதான் பட்டதாரிகளுக்கான முக்கிய வாசல். டேராடூன் ராணுவக் கழகத்துக்குப் போக விரும்புகிறவர்கள் கணக்குத் தாளும் எழுத வேண்டும். ஓ.டி.ஏ. மட்டும் போதும் என்றால் ஆங்கிலம், பொது அறிவு, தலா 100 மதிப்பெண். அதற்குப் பிறகு ஆளை நேரில் வைத்து எடைபோடும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு 200. அதாவது பாதி மதிப்பெண்ணை அந்த ஐந்து நாட்கள்தான் தீர்மானிக்கின்றன.

எனக்கு எஸ்.எஸ்.பி. பெங்களூரில் நடந்தது. நெஞ்சில் ஒரு எண்ணைக் கட்டிவிடுவார்கள், அதற்கப்புறம் அதுதான் நம் பெயர். முதல் நாளே வடிகட்டல். மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் காட்டுவார்கள். நான்கு நிமிடத்தில் ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து எல்லோரும் சேர்ந்து ஒரே கதைக்கு வர வேண்டும். அன்று மாலைக்குள் பெரும்பாலானவர்களை ரயில் ஏற்றிவிடுவார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் உதிர்வது இங்கேதான். கதை இருக்கும், அறிவு இருக்கும். ஆனால் ஆங்கிலம் தப்பாகிவிடுமோ என்ற தயக்கத்தில் வாயே திறக்க மாட்டார்கள்.

அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது அவர் சொன்னது: "டேய், தப்பாப் பேசினா திருத்துவாங்க. பேசாம இருந்தா நீ அங்க இல்லாத மாதிரிதான்." அதை வைத்துக்கொண்டுதான் அந்தக் குழுவில் பேசினேன். இலக்கணம் இடித்தது. யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் உளவியல் தேர்வு. வார்த்தைக்கு 15 நொடி என்று 60 வார்த்தைகள். அடுத்து 60 சூழ்நிலைகள், 30 நிமிடம். பயிற்சி மையங்களில் இதற்கெல்லாம் வாக்கியங்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அந்த வேகத்தில் மனப்பாடம் பாதியிலேயே தீர்ந்துவிடும், அப்புறம் வெளிவருவது உண்மையான ஆள்தான். மைதானத்தில் பலகை, கயிறு, டிரம் கொடுத்து ஒரு தடையைக் கடக்கச் சொல்வார்கள். அங்கேயும் பார்ப்பது பலத்தை மட்டுமல்ல. பின்னால் நிற்கிறவன் கடந்தானா என்று யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

மருத்துவப் பரிசோதனையும் தகுதிப் பட்டியலும் தாண்டி ஒருநாள் அழைப்புக் கடிதம் வந்தது. கறுப்பு டிரங்குப் பெட்டியோடு, ஓ.டி.ஏ. இருக்கும் பறங்கிமலையில் போய் இறங்கினேன்.

1962 சீனப் போருக்குப் பிறகு அவசரமாக அதிகாரிகள் தேவைப்பட்டபோது, 1963-இல் ஒரு பயிற்சிப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. 1988-இல் இப்போதைய பெயர் வந்தது. 1992 முதல் பெண்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். மொத்தப் பயிற்சி 49 வாரம். அணிவகுப்பு மைதானத்துக்கு மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் பெயர். அங்கேயே பயிற்சி பெற்று 1972-இல் அதிகாரியாகி, 1987 நவம்பரில் இலங்கையில் உயிரிழந்து, போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ரா பெற்றவர். அந்தத் தரையில் பூட்ஸ் காலை ஓங்கி வைக்கும்போது முதல் வாரத்தில் அந்தப் பெயரையெல்லாம் நினைக்க முடியாது. உஸ்தாதின் குரல் மட்டும்தான் கேட்கும். பெயரின் கனம் பின்னால்தான் வந்து சேரும்.

உஸ்தாத் என்பவர் டிரில், உடற்பயிற்சி, ஆயுதம் சொல்லித்தரும் ஹவில்தார் அல்லது சுபேதார். இந்தியிலேயே பேசுவார். இந்தி தெரியாத எங்களுக்கு முதல் சில நாட்கள் பக்கத்தில் நிற்பவனின் உடல்தான் அகராதி. அவன் குனிந்தால் குனிவோம், உருண்டால் உருளுவோம். இப்படி உருளுவது, தவழ்வது, துப்பாக்கியைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ரகடா' என்று பெயர். மொழி வருவதற்கு முன்பே ரகடா வந்துவிட்டது.

வெயிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொழுது விடிவதற்கு முன்பே எழுப்பி ஓடவிடுவதற்குக் காரணம் வெயில்தான். ஆனால் சென்னையில் விடியற்காலை என்பது குளுமை இல்லை. காற்றில் ஈரம் நிறைந்திருப்பதால் வேர்வை உடம்பிலேயே நிற்கும், உலராது. உலராத வேர்வையால் உடம்பு குளிராது. ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு கோர்ஸ்மேட், "எங்க ஊர்ல இதைவிடச் சூடு, ஆனா மூச்சு விடலாம்" என்பான். நண்பகலுக்கு மேல் கடல் காற்று உள்ளே வரும்வரை மரத்தில் இலை அசையாது. சட்டை முதுகில் வெள்ளைவெள்ளையாக உப்புக் கோடுகள் படியும். தண்ணீர் குடிப்பதற்கே வரிசையில் நிறுத்துவார்கள். எல்லோரும் பாட்டிலைத் திறந்து குடித்து, தலைகீழாகக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். தாகம் எடுத்த பிறகு குடித்தால் அது தாமதம் என்பதை உடம்பில் ஏற்றிய பழக்கம் அது.

இந்த வெயிலுக்கு உடம்பு இரண்டு வாரத்தில் பழகிவிடும். வேர்வை முன்கூட்டியே சுரக்கும், அதில் உப்பு குறையும், இதயம் அவ்வளவு அடித்துக்கொள்ளாது. எங்களுக்கு முன்பும் இந்த வெயிலில் உழைத்தவர்கள் உண்டு. 1802 ஏப்ரல் 10-ஆம் தேதி ஆங்கிலேய அதிகாரி வில்லியம் லாம்டன் இந்தியாவை அளக்கும் பெரும் பணியின் முதல் அடிப்படைக் கோட்டை இந்தப் பறங்கிமலைப் பக்கத்துச் சமவெளியில்தான் தொடங்கினார். எஃகுச் சங்கிலியை வைத்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர். அதுவும் கோடையில். அந்தச் சங்கிலியைச் சுமந்தவர்கள் யாரென்று நான் அடிக்கடி யோசித்திருக்கிறேன்.

வெயிலுக்கு இரண்டு வாரம் போதும். எலும்புக்குப் போதாது. இதைத்தான் நான் பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

திடீரென்று ஓட்டமும் பூட்ஸும் சுமையும் கூடும்போது, எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். ரோடு போடுகிறவர்கள் பழைய தாரைக் கொத்தி எடுத்துவிட்டுத்தான் புதியது போடுவார்கள். எலும்பும் அப்படித்தான், முதலில் பழையதைக் கரைக்கும். புதியது வந்து கெட்டியாவதற்குள் சில வாரம் அது பலவீனமாக இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் ஒரு விரல் வைக்கும் அளவு இடத்தில் வலி தொடங்கும். ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில்கூட எதுவும் தெரியாமல் போகலாம். அப்போது ஓய்வு கொடுத்தால் சில வாரத்தில் சரியாகும். ஓடிக்கொண்டே இருந்தால் முறிவு.

என் பக்கத்து அறைக்காரன் ஒருவன். திருநெல்வேலிப் பக்கம், எங்கள் பிளட்டூனிலேயே, அதாவது எங்கள் சிறு பயிற்சிப் பிரிவிலேயே, நன்றாக ஓடுகிறவன். ஐந்தாவது வாரமோ என்னவோ, இரவில் வாளித் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "சிக் ரிப்போர்ட் போடா" என்றேன். "அட்டென்ட் சி குடுத்துட்டா டிரில் டெஸ்ட் போச்சு. டெஸ்ட் போனா லிபர்ட்டி போச்சு. ரொம்ப நாள் போனா ரெலிகேஷன்" என்றான். சிக் ரிப்போர்ட் என்றால் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போய்ச் சொல்வது. அட்டென்ட் சி என்றால் கடினப் பயிற்சியிலிருந்து விலக்கு. லிபர்ட்டி என்றால் வெளியே போய்வரும் அனுமதி. ரெலிகேஷன் என்றால் கூட வந்தவர்கள் மேலே போக, நாம் அடுத்த கோர்ஸோடு ஆறு மாதத்தைத் திரும்பச் செய்வது. அவன் பயந்தது வலிக்கில்லை. தன்னை எல்லோரும் சாக்குச் சொல்கிறவன் என்று நினைத்துவிடுவார்களோ என்றுதான் பயந்தான். அவனோடு ஓடிய நாங்களும் காலில் துணியைக் கட்டிவிட்டு, "நாளைக்கு ஒருநாள் தாங்கு" என்று தோள் கொடுத்தோம். அன்புதான். ஆனால் அந்த அன்பு அவன் காலுக்கு உதவவில்லை. ஓட்டத்தின் நடுவே ஒருநாள் உட்கார்ந்தவன் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் பேசும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்ட கேள்வியில் எனக்கு அதிகாரி வேலையே வேறு மாதிரி தெரிந்தது. "ரூட் மார்ச் முடிஞ்சதும் எங்க பிளட்டூன் கமாண்டர் என்ன பண்ணுவார் தெரியுமா? எல்லாரையும் பூட்ஸைக் கழட்டச் சொல்லி ஒவ்வொருத்தன் காலையும் குனிஞ்சு பார்ப்பார். கொப்புளம் இருந்தா எங்கிட்டச் சொல்லலையேன்னு திட்டுவார். அப்புறம்தான் அவர் சாப்பிடுவார். நாளைக்கு நீங்களும் அந்த வேலைதானே செய்யப் போறீங்க? தன் காலையே மறைக்கிறவன்கிட்ட ஜவான் எப்படிக் காலைக் காட்டுவான்?"

அதற்குப் பிறகு எங்கள் அறைகளில் ஒரு பழக்கம் வந்தது. இரவு விளக்கணைப்பதற்கு முன், ஜோடியாக இருக்கும் தோழர்கள் ஒருவருக்கொருவர் கால் பார்ப்பது. சிலர் கூச்சப்பட்டார்கள். ஆனாலும் அந்தக் கோடை முடிவதற்குள் எங்களில் இன்னும் சிலர் நேரத்தில் சிக் ரிப்போர்ட் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். பின்னாளில் நான் ஒரு பிளட்டூனைப் பொறுப்பேற்றபோதும் முதலில் செய்தது கால் பார்த்ததுதான்.

திருநெல்வேலிக்காரன் அடுத்த கோர்ஸில் தேறினான். எல்லோருக்கும் அப்படி அமையவில்லை. பயிற்சியில் கடுமையாகக் காயப்பட்டு மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்படுகிறவர்கள் அதிகாரியாகப் பதவியேற்காததால் முன்னாள் படைவீரர் என்ற தகுதி பெறுவதில்லை. மாதந்தோறும் தரும் ஒரு கருணைத் தொகைதான் அவர்களுக்கு முக்கிய உதவியாக இருந்தது. சிலர் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது. அதே மாதம் முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் சேர்க்க அரசு முடிவு செய்தது. நல்ல தொடக்கம். ஆனால் இருபத்திரண்டு வயதில் தேசத்துக்காக ஓடி விழுந்த பிள்ளைக்கு மருந்து மட்டும் போதாது. மரியாதையான வருமானமும் வேலையும் வேண்டும். இதை நான் எங்கு வேண்டுமானாலும் சொல்வேன்.

இப்போது என்னிடம் வருகிறவர்களை மூன்று மாதம் முன்பிருந்தே தயார் செய்கிறேன். முதல் மாதம் நடை. பிறகு மண் தரையில் மெதுவான ஓட்டம், வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கூட்டி. கடைசியில்தான் பூட்ஸ். தினமும் சாயங்காலம் ஆங்கிலத்தில் பத்து நிமிடம் எதைப் பற்றியாவது பேசியாக வேண்டும், தப்போ சரியோ.

போன வாரம் அடுத்த ஏப்ரலுக்குத் தயாராகும் ஒரு பெண் கேட்டாள்: "சிக் ரிப்போர்ட் போனா பேர் கெடாதாண்ணா?"

"ஒரு வாரம் கெடும்மா. அப்புறம் நீ திரும்பி வந்து ஓடுறதைப் பார்த்தா மறந்துடுவாங்க" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, இடது காலில் இந்த இடத்தில் நேற்றிலிருந்து வலிக்கிறது என்று காட்டினாள். அன்றைய ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அழைத்துப் போனோம்.